பித்துப் பிடித்த மனிதர்களின் கதைகளைச் சித்திரக்கதை ஆக்குவது: கட்டம், எழுத்து, அச்சு

கட்டம்கட்டி எழுதியது:

வணக்கம். கொழும்பில் ஒரு சிறு தொகுப்புக்கு வேலை நடக்கிறது. பொருள் ஒன்றுதான்: ஒன்றையே நினைத்து நினைத்து அதிலேயே அழிந்துபோகிறவர்கள். மூன்று கதைகள் எடுத்திருக்கிறோம். எட்கர் அலன் போவின் ‘த டெல்-டேல் ஹார்ட்’ (1843), புதுமைப்பித்தனின் ‘சிற்பியின் நரகம்’, கோகோலின் ‘மேல்கோட்டு’ (1842). கறுப்பு வெள்ளை, ஏ5 அளவு, உள்பக்கங்கள் 48. இருநூறு பிரதி போதும்.

கதைக்கு எத்தனை பக்கம் ஒதுக்குவது, மூலத்தின் வசனத்தை எவ்வளவு வைத்திருப்பது, பக்கத்துக்கு ஒன்பது கட்டமா ஆறு கட்டமா, யுனிகோட் எழுத்தைப் பேச்சுப் பலூனுக்குள் உடையாமல் கொண்டுவருவது எப்படி என்பவைதான் கேள்விகள். வேலை தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நல்லது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதலில் கோகோலைத் தொகுப்பிலிருந்து எடுங்கள். கதை பிடிக்காமல் சொல்லவில்லை. போவின் கதை ஆங்கிலத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் சொல். ‘மேல்கோட்டு’ அதைப்போல நாலைந்து மடங்கு. அந்த எழுத்தர் தேநீரை விட்டு, மெழுகுவர்த்தியை விட்டு, காசு சேர்த்துச் சேர்த்து ஒரு கோட்டுக்காகவே வாழ்கிற மாதங்கள்தான் கதையின் உயிர். அதைப் பதினாறு பக்கத்தில் அடக்கினால் கோட்டு வாங்கினான், களவு போனது, செத்தான் என்று செய்திக்குறிப்பாகிவிடும். அறுபது பக்கமாவது வேண்டும், தனிப் புத்தகமாகச் செய்யுங்கள். இப்போதைக்குப் போவுக்கு 16 பக்கம், புதுமைப்பித்தனுக்கு 24 பக்கம், மிச்சம் 8 பக்கம் தலைப்பு, முன்னுரை, பதிப்பு விபரம். இரண்டு கதை போதும்.

உரிமை விடயம்: இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. இந்தியாவில் 60. புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார், ஆகவே இரண்டு இடத்திலும் காலம் முடிந்துவிட்டது. போ 1849. இங்கே ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் மொழிபெயர்ப்பு. மூலம் பொதுவில் இருந்தாலும், யாரோ ஒருவர் செய்த தமிழாக்கத்தை எடுத்தால் அது அவருடையது. போவை ஆங்கிலத்திலிருந்து நேரே உங்கள் ஆட்களே தமிழாக்குங்கள். சிறுகதையாளர் மௌனியில் கை வைக்கலாமா என்று யாராவது நினைத்தால், அவர் 1985இல் இறந்தவர். குடும்பத்தாரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு கட்டமும் வரையக்கூடாது. அந்த அனுமதியிலும் ‘சித்திரக்கதையாகத் தழுவ’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மறுபதிப்பு அனுமதி தழுவலுக்குச் செல்லாது.

மைத்துளி எழுதியது:

பக்கக் கணக்கை ஏட்டுச்சுவடி அண்ணா வடிவாகச் சொல்லிவிட்டார். வரைகிற பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகளில் என்ன நடக்கிறது என்பதை முதலில் வரையப் போகாதீர்கள். அந்தப் பொருள் எத்தனை முறை திரும்பி வருகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கிட்ட வருகிறது என்பதைத்தான் முதலில் குறிக்க வேண்டும். போவின் கதையில் ஒருவன் ஒரு கிழவரின் கண்ணைப் பொறுக்காமல் ஏழு இரவு அவருடைய அறைக்குள் எட்டிப் பார்த்து, எட்டாம் இரவில் அவரைக் கொன்று தரைப் பலகைக்குக் கீழே மறைக்கிறான். பொலிஸ்காரர் வந்திருக்கும்போது அவருடைய இதயம் துடிப்பது அவனுக்குக் கேட்கிறது. ஆகவே அங்கே அது கிழவரின் வெளிறிய நீலக் கண், பிறகு இதயத்துடிப்பு. ‘சிற்பியின் நரக’த்தில் சாத்தன் என்கிற சிற்பி செய்கிற நடராசர் சிலை.

ஒரு தாளில் பக்க எண்களை 1 முதல் 16 வரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, அந்தப் பக்கத்தின் பரப்பில் அந்தப் பொருள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று நூற்றுவீதத்தில் போடுங்கள். முதல் மூன்று பக்கம் 0 முதல் 5 வரை இருக்கட்டும். நடுவில் ஒரு இடத்தில் 100. அதற்குப் பிறகு, இதுதான் முக்கியம், திரும்பவும் 0. கிழவர் செத்த பிறகு கண் கதையில் இல்லை. ஆனால் அந்த மனிதன் அதிலிருந்து விடுபடவில்லை, பித்து காதுக்கு மாறிவிட்டது. ஆகவே 11ஆம் பக்கத்திலிருந்து படத்தில் எதுவும் இருக்காது, எழுத்தில் மட்டும் வளரும். இந்தக் கோட்டை முன்னரே போடாமல் வரையத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே கண்ணைப் பெரிதாகப் போட்டுவிடுவார்கள். எட்டாம் பக்கம் வரும்போது வாசகருக்குப் புதிதாகப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

பொருள் பெருக்கும்போது மற்றவை தேய வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அறைக்குள் அலமாரி, சட்டம் போட்ட படம், ஜன்னல் எல்லாம் இருக்கட்டும். ஐந்தில் அலமாரி இல்லை. ஏழில் சுவர் இல்லை, கட்டிலும் கதவும் மட்டும். ஒன்பதில் கறுப்பு. பொலிஸ்காரர் மூவரும் வருகிறபோது அறை முழுதாகத் திரும்பி வரட்டும், அலமாரி உட்பட, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது சாதாரண அறை. பிறகு சத்தம் ஏற ஏறத் திரும்பவும் ஒவ்வொன்றாகக் கழியட்டும். கதிரைகள் கடைசியாகப் போக வேண்டும். அவன் தன்னுடைய கதிரையைப் பிணத்துக்கு மேலேயே போட்டு உட்கார்ந்திருக்கிறான் அல்லவா, அந்த ஒரு கதிரை மட்டும் கடைசிக் கட்டம் வரை நிற்கட்டும்.

ரயில்பாதை எழுதியது:

கண்ணைக் காட்டவே கூடாது என்பது என்ரை கருத்து. வாசகர் கற்பனை செய்யிற கண்ணை விட நீங்கள் வரையிற கண் சின்னனாத்தான் இருக்கும்.

மைத்துளி எழுதியது:

சில கதைகளுக்கு அது சரி, இதற்கு இல்லை. எட்டாம் இரவில் விளக்கின் ஒற்றைக் கீற்று வேறெதிலும் படாமல் நேரே அந்தக் கண்ணில் மட்டும் விழுகிறது என்று கதை சொல்கிறது. முகம், உடம்பு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை மறைத்தால் கதையே மறைந்துவிடும். ஆனால் அதற்கு முன் எங்கே கண் வந்தாலும் வெறும் வெள்ளையாக விடுங்கள். இமையை வரையுங்கள், விழி போடாதீர்கள். கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில் ஏடு படர்ந்த நீலக் கண்ணுக்கு அதுதான் பொருத்தம். ஒரு முழுப்பக்கத்தில் மட்டும் உள்ளே மெல்லிய கோடுகளால் நரம்பும் ஏடும் வரையுங்கள்.

கட்டம்கட்டி எழுதியது:

ஏழு இரவுகளை எப்படிக் காட்டுவது? ஒவ்வோர் இரவும் நள்ளிரவில் அதே கதவு, அதே விளக்கு. ஏழு தரம் வரைந்தால் பக்கம் போதாது, ஒன்றைக் காட்டி ‘இப்படி ஏழு இரவுகள்’ என்று எழுதினால் கதையின் அழுத்தம் போய்விடும்.

கோட்டுருவம் எழுதியது:

கதையின் முதல் பக்கம் வலப்பக்கத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 4, 5 எதிரெதிர்ப் பக்கங்கள், 6 தாளைத் திருப்பினால் வருவது. ஆறு கட்ட அமைப்பில் 4ஆம் பக்கம் முழுதும் முதல் இரவுக்கு: தாழ்ப்பாள், கதவிடுக்கு, உள்ளே நுழைகிற தலை, மூடிய விளக்கு, கீற்று, மூடிய கண். 5ஆம் பக்கத்தில் மிச்ச ஆறு இரவுக்கும் ஆளுக்கொரு கட்டம். ஆறிலும் மூடிய கண் மட்டும். எட்டாம் இரவு திருப்பிய உடன் 6இல். பக்கம் திருப்பும் இடத்தை இங்கே வீணாக்கக்கூடாது. அதற்காகத் தலைப்புப் பக்கத்தை ஒன்று கூட்டியோ குறைத்தோ கதையை வலப்பக்கத்தில் தொடங்குங்கள்.

அந்த ஆறு கட்டத்தையும் தனித்தனியே வரையாதீர்கள். ஒரு கட்டத்தை வரைந்து, ஸ்கான் செய்து, அப்படியே ஆறு தரம் வையுங்கள். பிறகு தனி லேயரில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: தலையணை மடிப்பு, அல்லது கீற்றின் கோணம். கையால் ஆறு தரம் வரைந்தால் மூக்கு ஒரு மில்லிமீற்றர் நகரும், இமை தடிக்கும். வாசகர் அந்தத் தவறின வித்தியாசத்தையும் கதையாகத்தான் வாசிப்பார், கிழவர் புரண்டு படுத்தார் என்று நினைப்பார். கட்டங்கள் துல்லியமாக ஒன்றாக இருந்தால்தான் அவருடைய கண் மாற்றத்தைத் தேடி அலையும், அந்த அலைச்சலில் அவரும் கதவிடுக்கில் நிற்கிறவனாகிவிடுவார்.

ஆர்ஜென்டினாவில் வேலை செய்த சித்திரக்கதைக் கலைஞர் அல்பேர்ட்டோ பிரெச்சியா 1970களில் இதே கதையைச் செய்தபோது கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்து, கிட்டத்தட்ட ஒரே கட்டத்தையே வரிசையாக அடுக்கினார். அதைத் தேடிப் பிடித்துப் பாருங்கள், ஆனால் வரையத் தொடங்கிய பிறகு திரும்பப் பார்க்காதீர்கள். அதன் பிடி பலமானது, உங்கள் கையில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளவத்தைவாசகன் எழுதியது:

ஒரு சந்தேகம். போவின் கதையைக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் என்ன? கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீடு, கிழவர், வாடகைக்கு இருக்கிற ஒருவன். எங்கட சனத்துக்குக் கிட்டத்தில் இருக்கும்தானே.

கோட்டுருவம் எழுதியது:

தம்பி, ஆசை நல்லது. ஆனால் கதையின் எந்திரத்தை ஒருக்கால் கழற்றிப் பாருங்கள். பிணம் இருப்பது தரைப் பலகைக்குக் கீழே, மூன்று பலகையைக் கழற்றி வைக்கிறான். இங்கே பழைய வீடுகளின் கீழ்த்தளம் சீமெந்து. மேல்மாடியில் பலகைத் தளம் உண்டு, ஆனால் அதற்குக் கீழே பல வீடுகளில் மரவளை அப்படியே தெரியும், கீழ் அறையிலிருந்து அண்ணாந்தால் பிணம் தெரியும். சீமெந்தை உடைக்கிறான் என்று மாற்றினால் ஓர் இரவில், ஓசை இல்லாமல், நாலு மணிக்கு முன் முடிந்த வேலை என்பது நிற்காது. விளக்கும் அப்படித்தான். அரிக்கன் லாம்பு நாலு பக்கமும் வெளிச்சம் விடும். கதையில் இருப்பது மூடி திறந்து ஒற்றைக் கீற்று விடுகிற விளக்கு. டோர்ச் வைத்து விரலால் கண்ணாடியை மறைத்தால் கீற்று வரும், ஆனால் எட்டாம் இரவில் பெருவிரல் தகர மூடியில் வழுக்கி எழுகிற சத்தம்தான் கிழவரை எழுப்புகிறது, அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

இடத்தை மாற்றுவதென்றால் இவற்றுக்கெல்லாம் விடை கண்டபிறகு மாற்றுங்கள். இல்லையென்றால் ஊர் பேர் தெரியாத வீடாக விடுங்கள். கதையிலும் ஊர் சொல்லப்படவில்லை. வாசகருக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டியது அந்த ஆளின் மூச்சை. முகவரி அவ்வளவு முக்கியம் இல்லை.

பொறிப்பாளர் எழுதியது:

எழுத்துக்கு வருவம். இதிலைதான் எங்கட தமிழ்ப் புத்தகங்கள் கனக்க அடிவாங்குது.

முதல் கணக்கு. ஏ5 என்றால் 148 × 210 மி.மீ. மேலே 12, கீழே 14, வெளிப்பக்கம் 10, தைக்கிற பக்கம் 15 விட்டால் மிஞ்சுவது 123 × 184. கட்ட இடைவெளி 4 மி.மீ. எண்டு வைத்து ஒன்பது கட்டம் போட்டால் ஒரு கட்டத்தின் அகலம் 38 மி.மீ. பலூனின் உள் விளிம்பு கழிய எழுத்துக்கு 32 மி.மீ. 8.5 புள்ளி எழுத்தளவிலை ஒரு வரிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்து வரும். ‘சொல்லிக்கொண்டிருந்தான்’ 11 எழுத்து, அதிலை கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இரண்டு. ஒரு சொல் ஒரு முழு வரியைத் தின்னும். பால் ஓஸ்டரின் ‘சிட்டி ஒவ் கிளாஸ்’ நாவலை 1994இல் கரசிக், மஸ்ஸுக்கெல்லி எண்ட இரண்டு சித்திரக்கதைக்காரர் ஒன்பது கட்டத்திலை அவ்வளவு அழகாகச் செய்தது ஆங்கிலத்தின்ரை குட்டிச் சொற்களோடை. தமிழுக்கு அதே கட்டத்தை அப்படியே தூக்கி வைக்க ஏலாது.

ஆறு கட்டம் எண்டால் அகலம் 59, உயரம் 58. கிட்டத்தட்டச் சதுரம். இது தமிழுக்குத் தோதானது. ஒன்பது கட்டம் கட்டாயம் வேணும் எண்டால் ஏ5ஐ விடப் பெரிய பீ5 அளவுக்குப் போங்கோ, அதிலை அகலம் 47க்கு மேலை வரும்.

இரண்டாவது சொல்லின் அளவு. ஒரு பக்கத்துக்கு 70 சொல்லுக்கு மேலை போகாதேங்கோ. பலூனில் நாலு வரி, விவரணைப் பெட்டியில் மூண்டு வரி. போவின் கதை தமிழில் சுமார் 1,500 சொல் வரும் எண்டு வைத்தால், 16 பக்கத்திலை பேச்சே இல்லாத பக்கம் நாலு கழிய, 12 × 70 = 840. அரைவாசிக்குக் கொஞ்சம் மேலைதான் நிற்கும். எதை வெட்டுறது எண்டு தெரியாமல் எழுத்தைச் சின்னனாக்கிறது தான் வழமையான பிழை. 7.5க்குக் கீழே போனால் ‘ழ’வும் ‘மு’வும் மையிலை அடைபடும்.

வரி இடைவெளி: 8.5 புள்ளிக்கு 11.5. மேலே ‘ி’, ‘ீ’ விசிறியும் கீழே ‘ு’, ‘ூ’ சுழியும் முட்டாமல் இருக்க அது வேணும். மென்பொருள் தானாகப் போடுற 120 வீதம் ஆங்கிலத்துக்குப் போதும், எங்களுக்குப் பத்தாது. சொல்லை உடைக்க வேண்டி வந்தால் ‘சொல்லிக் / கொண்டிருந்தான்’ எண்டு சேர்ந்த இடத்திலை உடையுங்கோ. மென்பொருளை உடைக்க விடாதேங்கோ, ஹைபனேசனை நிப்பாட்டிப் போட்டு நீங்களே என்டர் தட்டுங்கோ.

மூன்றாவது யுனிகோட். இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷொப் இரண்டிலும் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் திறந்து ‘வேர்ல்ட்-ரெடி’ கொம்போசரை (எழுத்துகளை அடுக்கிற பகுதி) தெரிவு செய்யாவிட்டால், ‘கெ’யில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூண்டாகப் பிரிஞ்சு கிடக்கும். திரையிலை சரியாகத் தெரிஞ்சு பீடிஎப்பிலை உடைகிறதும் உண்டு, ஆகவே முடிஞ்ச கோப்பிலை எழுத்தை அவுட்லைனாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்புங்கோ. மாற்றாத பிரதி ஒண்டைத் தனியாக வைத்திருங்கோ, பிழை திருத்த அதுதான் தேவை. பாமினி எண்ட பழைய, யுனிகோட் இல்லாத எழுத்துருவிலை தட்டிப் பழகினவை கனபேர் இருக்கினம். ஆனால் ஒரே கோப்பிலை பாமினியும் யுனிகோட்டும் கலந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியிலை திறக்கிற நேரம் பாதி வசனம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். ஒண்டிலை நில்லுங்கோ.

எழுத்துருவுக்குக் கவிவனாரைப் பாருங்கோ. சாய்ஞ்ச கையெழுத்து மாதிரி, இலவசம். போவின் கதையைச் சொல்லுற ஆளின்ரை குரலுக்குப் பொருந்தும்.

கட்டம்கட்டி எழுதியது:

அரைவாசியை வெட்டுவது என்றால் எதை? போவின் கதை முழுக்க அவனுடைய பேச்சுத்தானே. அதை எடுத்தால் வெறும் கொலைக்கதை மிஞ்சும் என்ற பயம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

படம் சொல்வதை எழுத்தும் சொன்னால் எழுத்தை வெட்டுங்கள். ‘கதவை மெதுவாகத் திறந்தேன்’ போகட்டும், கதவு திறப்பது தெரிகிறது. படத்தோடு முரண்படுகிற வசனத்தில் ஒரு சொல்லும் தொடாதீர்கள். தான் பைத்தியம் இல்லை, எவ்வளவு நிதானமாகச் செய்தேன் பாருங்கள் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அந்த வரி நிதானம் பற்றிப் பேசும்போது படத்தில் அவனுடைய விரல் நகம் கதவு நிலையைப் பிராண்டிக்கொண்டிருக்க வேண்டும். விவரணைப் பெட்டியும் படமும் ஒன்றையொன்று மறுக்கிற இடத்தில்தான் வாசகர் தானாகத் தீர்ப்பளிக்கத் தொடங்குகிறார். வெட்டுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஒத்து’ அல்லது ‘முரண்’ என்று எழுதிக்கொண்டு போனால் போதும். ‘ஒத்து’ எல்லாம் போகலாம்.

பெட்டிகளின் இடமும் முக்கியம். முதல் பக்கங்களில் மேல் இடது மூலையில் ஒழுங்காக இருக்கட்டும். பத்துக்குப் பிறகு கட்டத்தின் கோட்டைத் தாண்டி நகரட்டும். கடைசிப் பக்கத்தில் பெட்டிக்குக் கோடே வேண்டாம். கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று மூலத்தில் இல்லை. நீங்களும் சிறைக்கூடம், வைத்தியர் என்று ஒரு சட்டம் போட்டுக்கொடுக்காதீர்கள்.

மைத்துளி எழுதியது:

சத்தத்துக்கு ஒரு வழி. கதையில் அந்தத் துடிப்பு பஞ்சில் சுற்றிய கடிகாரத்தின் ஓசை போல இருக்கிறதாக வருகிறது. ‘லப்டப்’ என்று எழுதினால் உயிரியல் பாடம் ஆகிவிடும். 2ஆம் பக்கத்திலேயே சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே ‘டிக்’ என்று 6 புள்ளியில், கண்ணில் படாத மாதிரி ஒன்று போடுங்கள். 8இல் அதே எழுத்து, அதே சாய்வு, 9 புள்ளி. 13இல் 14 புள்ளி. 15இல் பலூன்களுக்குப் பின்னால், பக்கத்தின் குறுக்கே, 60க்கும் மேலே, பொலிஸ்காரரின் பேச்சை மறைக்கிற அளவுக்கு. எழுத்துருவை மட்டும் மாற்றக்கூடாது. எழுத்து ஒன்றாக இருப்பதால்தான், தொடக்கத்திலேயே இது கேட்டுக்கொண்டிருந்தது என்று வாசகர் பின்னோக்கிப் போவார்.

அதோடு கட்டத்தின் அகலம். 14ஆம் பக்கத்தின் நடு வரியில் மட்டும் 59, 28, 14, 7 என்று அரைவாசி அரைவாசியாகக் குறையுங்கள். இடைவெளியை 4இலிருந்து 1 மி.மீ. வரை கொண்டுவரலாம், 1க்குக் கீழே போனால் அச்சில் இரண்டு கோடும் ஒன்றாகி ஒரு தடித்த கோடாகத் தெரியும்.

வெள்ளவத்தைவாசகன் எழுதியது:

‘சிற்பியின் நரகம்’ பற்றி யாரும் கதைக்கவில்லையே.

கோட்டுருவம் எழுதியது:

அதற்குப் போவின் வழி பொருந்தாது. அங்கே பித்து ஒரு கெட்டவனுடையது. இங்கே சாத்தனின் பித்து அவனுடைய வேலை. சிலையை வெறுப்பாகக் கிட்டக் கொண்டுவரக்கூடாது, வாசகரும் அதை விரும்ப வேண்டும். ஆகவே சிலையை ஒழுங்காக வரையத் தெரிந்திருக்க வேண்டும், பூசி மெழுக முடியாது. இடக்கால் தூக்கியது, வலக்கால் முயலகன் மேல். பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ, முன் வலக்கை அபயம், முன் இடக்கை உடலுக்குக் குறுக்கே வந்து தூக்கிய காலைச் சுட்டும். இணையப் படத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் புரட்டி வரைந்த அட்டைகள் நிறைய உண்டு, தெரிந்தவர் முதல் பார்வையிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி. தேசிய நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த சோழர்கால வெண்கலச் சிலைகள் இருக்கின்றன, நடராசர் உட்பட. பென்சிலும் தாளுமாகப் போய் முன்னால் நின்று வரையுங்கள். புகைப்படத்தில் தெரியாத ஒன்று அங்கே தெரியும்: தூக்கிய பாதத்தின் அடி. கீழேயிருந்து பார்க்கிறவருக்கு மட்டும் அது முகத்துக்கு நேரே வருகிறது. கதையில் காவிரிப்பூம்பட்டினமும் பைலார்க்கஸ் என்கிற யவனனும் வருகிறார்கள், அந்தக் காலத்துக்கு இந்த வெண்கல வடிவம் பிந்தியது. அது புதுமைப்பித்தன் எடுத்துக்கொண்ட சுதந்திரம். நீங்கள் வரலாற்றைத் திருத்தப் போகாமல் அவருடைய சிலையையே வரையுங்கள்.

சாத்தன் காண்கிற கனவுதான் கதையின் உச்சம். கூட்டம் மோட்சம் கேட்டு வருகிறது, சிலையை ஒருவரும் பார்க்கவில்லை. இங்கே கட்டங்கள் சிறுக்கக்கூடாது, பெருக்க வேண்டும். இரண்டு பக்கம் சேர்ந்த ஒரே கட்டம், நூற்றுக்கணக்கில் தலைகள், எல்லாக் கண்ணும் மூடியோ கீழே பார்த்தோ இருக்கட்டும். சிலை வெறும் கோட்டுருவமாக நடுவில், உள்ளே ஒரு கோடும் இல்லாமல். முந்திய பக்கங்களில் விரல் விரலாக வரைந்து காட்டிய அதே சிலை. அவர்கள் பார்க்காததை நாமும் பார்க்க முடியாமல் போக வேண்டும். கூட்டத்தின் கூச்சலுக்குப் பலூன் போடாதீர்கள், எழுத்தையே தலைகளுக்கிடையில் திணியுங்கள். சிலையை மையத்தில் வைத்தால் தைக்கிற மடிப்பு அதை விழுங்கிவிடும் என்பதையும் பாருங்கள். இடப்பக்கத்தில் மடிப்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி வையுங்கள்.

ரயில்பாதை எழுதியது:

கோட்டுருவம் அண்ணை, அந்த மடிப்புக்கு இன்னொரு வழியும் இருக்கு. 48 பக்கம் நடுவிலை கம்பி அடிச்சால் 24, 25 ஒரே தாள். கனவு அங்கே விழுகிற மாதிரிப் புதுமைப்பித்தனை முதலிலை வைச்சால் படம் வெட்டுப்படாமல் நிற்கும்.

ஈயஎழுத்து எழுதியது:

ரயில்பாதை சொன்னது நல்ல யோசனை. முன்னுக்கு நாலு பக்கம் விட்டு 5இல் கதை தொடங்கினால் 28இல் முடியும், கனவு 24, 25இல் விழும். போவின் கதை 29இல் வலப்பக்கமாகத் தொடங்கும். பிந்திய பக்கம் நாலு மிஞ்சும். கணக்குச் சரி.

அச்சு விடயம். 200 பிரதி என்றால் டிஜிட்டல்தான், ஒஃப்செட் தகட்டின் செலவு கட்டாது. டிஜிட்டல் மெசினின் தாள் 320 × 450 மி.மீ. ஏ5 விரிப்பு (எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்தது) இரண்டு ஒரு பக்கத்தில் வெட்டு ஓரத்தோடு அடங்கும், அதாவது தாளின் ஒரு பக்கத்தில் நாலு பக்கம். பீ5 என்றால் விரிப்பு ஒன்றுதான் அடங்கும், இரண்டு பக்கம். அடிக்கிற செலவு இரட்டிக்கும். ஆகவே பொறிப்பாளர் சொன்ன ஆறு கட்டத்தோடு ஏ5இலேயே நில்லுங்கள்.

தாள் 100 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) குறையக் கூடாது. 80இல் இவ்வளவு கறுப்பு அடித்தால் பின்பக்கம் தெரியும், ‘முழுக்கறுப்பு’ப் பக்கத்துக்குப் பின்னால் வருகிற வெள்ளைக் கண் சாம்பல் ஆகிவிடும். 48 பக்கம் 12 தாள். மடித்துக் கம்பி அடித்தால் உள்தாள்கள் வெளியே பிதுங்கும், 100 ஜிஎஸ்எம்மில் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. சாதாரணப் புத்தகத்தில் யாரும் கவனியார். உங்களுடையதில் எல்லாப் பக்கமும் ஒரே கட்டம், புத்தகத்தை விசிறினால் வெளி ஓரம் படிப்படியாக ஒடுங்குவது பளிச்சென்று தெரியும். அச்சகத்தில் இம்போசிசன் (பெரிய தாளில் பக்கங்களை அடுக்குவது) போடும்போது பிதுக்கத்துக்குச் சரிக்கட்டச் சொல்லுங்கள், சொன்னால்தான் செய்வார்கள். பேர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது) கேட்காதீர்கள், முதுகு 3 மி.மீ.தான் வரும், பசை பிடிக்காது, விரிப்புப் படமும் நடுவில் மூடிக்கொள்ளும்.

கோடுகளை 600 டிபிஐயில் சாம்பலாக ஸ்கான் செய்து, சுத்தப்படுத்தி, 1200 டிபிஐ தனிக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கறுப்பை அப்படியே அனுப்பினால் நாலு நிறக் கறுப்பாக மாறும், சின்ன எழுத்தைச் சுற்றி நிறம் தெரியும். கறுப்பு மட்டும் 100, மற்றவை சுழியம்.

கட்டம்கட்டி எழுதியது:

மூலப்படம் எந்த அளவில்? பெரிய கறுப்புகளை மையால் நிரப்பினால் தாள் சுருளுகிறது, மழை மாதங்களில் இன்னும் மோசம்.

மைத்துளி எழுதியது:

ஒன்றரை மடங்கு, 222 × 315. ஏ3 தாளில் ஓரத்தோடு அடங்கும். குறைக்கும்போது கோடும் மூன்றில் இரண்டாகும் என்பதால் 0.3க்குக் குறைந்த பேனா வேண்டாம், 0.1 பேனாவின் கோடு அச்சில் காணாமல் போகும். கண்ணின் உள் நரம்புக்கும் 0.3தான்.

பெரிய கறுப்பை மையால் நிரப்பாதீர்கள். விளிம்பை மட்டும் தூரிகையால் இழுத்து, உள்ளே வெளிர்நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, ஸ்கான் செய்த பிறகு கணினியில் நிரப்புங்கள். அந்தப் பக்கங்களை மட்டும் நிறத்தில் ஸ்கான் செய்தால் நீலத்தைத் தனிச் சானலில் கழித்துவிட்டுப் பிறகு சாம்பலாக்கலாம். விளிம்பு கையால் வந்தது என்பதால் கறுப்பு உயிரோடு இருக்கும். தாள் 250 ஜிஎஸ்எம் பிரிஸ்டல் (மழமழப்பான தடித்த வரைதாள்), நாலு பக்கமும் பலகையில் டேப் ஒட்டி. மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மை காய நேரம் எடுக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி அழிறப்பர் போடாதீர்கள், கறுப்புச் சாம்பலாக இழுபடும். ஓர் இரவு விடுங்கள். முடிந்த தாள்களை ஒன்றின் மேல் ஒன்று வைப்பதானால் இடையில் பட்டர் பேப்பரும், உறைக்குள் சிலிக்கா பைக்கற்றும்.

ஈயஎழுத்து எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். டிஜிட்டல் டோனரில் (மைத்தூளில்) முழுப்பக்கக் கறுப்பு மினுங்கும், சிலவேளை பட்டை பட்டையாகவும் வரும். மடிக்கிற இடத்தில் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கனவு விரிப்பில் மடிப்பு விழுகிற இடத்தில் முழுக்கறுப்பு வராமல் தலைகளும் வெள்ளை இடைவெளியும் வருகிற மாதிரிப் பாருங்கள். 200ஐயும் அடிக்க முன் அந்த ஒரு தாளையும் போவின் கண் பக்கத்தையும் மட்டும் உண்மையான தாளில் அடித்து, மடித்து, கையில் வாங்கிப் பாருங்கள். திரையில் பார்த்து ஓம் சொல்ல வேண்டாம்.

கட்டம்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோகோல் இந்தத் தொகுப்பில் இல்லை, புதுமைப்பித்தன் முதலில், ஏ5, ஆறு கட்டம். போவின் கதையின் 4, 5ஆம் பக்கச் சிறுவரைவு முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். பொறிப்பாளர் அண்ணா, எழுத்தளவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பொறிப்பாளர் எழுதியது:

ஓம், போடுங்கோ. சிறுவரைவிலேயே வசனத்தையும் உண்மையான அளவிலை எழுதிப் போடுங்கோ, வெறும் கோடு கீறி விடாதேங்கோ. இடம் போதுமோ எண்டு அதிலைதான் தெரியும்.